காப்பவரையும் காக்க

பொதுக்காலம் 3ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
வாசகங்கள்: நெகேமியா 8, 1 கொரிந்தியர் 12, லூக்கா 1, 4



நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இன்று எல்லாருடைய கண்களும் ஆண்டவர் இயேசுவின் மேல்தான் இருக்கின்றன. அவர் எழுந்து நிற்கிறார். எசாயாவின் ஏடு கைக்கு வருகிறது. வாசிக்கிறார், சுருட்டிக் கொடுக்கிறார், உட்காருகிறார். அந்த ஏட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டவர் ஒருவர் உண்டு, தொழுகைக்கூடத்துப் பணியாளர். ஏடு செல்லரிக்காமல், ஈரம் படாமல், உரிய நாளில் உரியவர் கைக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவருக்குப் பெயர் இல்லை. ஆனாலும் லூக்கா அவரை எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து ஆராய்ந்து எழுதுவதாகத் தெயோபிலுவுக்குச் சொன்னவர் அல்லவா, அந்த ஆராய்ச்சிக்கு இந்த மனிதரும் தப்பவில்லை.

இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் கொரிந்து சபைக்கு எழுதுகிறார். அங்கே ஒரு சிக்கல். சில வரங்களைப் பெற்றவர்கள் தங்களை உயரத்தில் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் நமக்கு இங்கே என்ன வேலை என்று ஒதுங்கினார்கள். பவுல் உடலைக் காட்டிப் பேசுகிறார். கால், கை, காது, கண் என்று வெளியே தெரிகிற உறுப்புகளில் தொடங்கி, வலுவற்றவை என்று நாம் எண்ணும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி. மூளைக்குள் இருப்பதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகையால், 'விவிலியம் அன்றே சொல்லிவிட்டது பார்த்தீர்களா' என்று கைதட்டு வாங்கும் பேச்சுக்கு நான் வரவில்லை. அந்த வகைப் பேச்சால் விசுவாசத்துக்கும் லாபமில்லை, அறிவியலுக்கும் லாபமில்லை. என்றாலும், நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் பவுலிடம் திரும்பினால், அவர் எவ்வளவு கனமான ஒன்றைச் சொன்னார் என்பது விளங்கும் என்று நினைக்கிறேன்.

மூளை என்றாலே பள்ளிப் பிள்ளைகள்கூட நியூரான் என்பார்கள். நரம்பணு. நினைப்பது, பேசுவது, கை அசைப்பது, இப்போது என் பேச்சைக் கேட்டுக்கொண்டே குடியரசு நாள் கொடியேற்றத்துக்கு நேரமாகிறதே என்று தவிப்பது, எல்லாம் அவற்றின் வேலை. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நரம்பணு அல்லாத செல்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு கிளியா என்ற செல்கள். துணைச் செல்கள் என்று நாம் சொல்லிக்கொள்வோம். 1850களில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்கோ இவற்றைப் பார்த்தபோது, நரம்பணுக்களை ஒட்டிப் பிடித்து வைக்கும் பசை என்றே எண்ணினார். அதன் பிறகு வெகுகாலம் அறிஞர்களின் கவனம் நரம்பணுக்களின் மேலேயே இருந்தது. கேட்டால் காரணமும் நியாயமாகத்தான் படும்: நரம்பணு மின்துடிப்பை அனுப்புகிறது, கருவி வைத்தால் அதன் சத்தம் கேட்கிறது. துணைச் செல்களிடமிருந்து அப்படி எந்தச் சத்தமும் வரவில்லை. சத்தம் வராத இடத்தில் வேலை நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவது அறிஞர்களுக்கு மட்டும் உள்ள பழக்கமா என்ன.

ஸ்பெயின் நாட்டில் பியோ தெல் ரியோ ஓர்தேகா என்றொருவர் இருந்தார். நரம்பணுக்களை ஆராய்ந்து 1906இல் நோபல் பரிசு பெற்ற ரமோன் இ காஹாலின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். வெள்ளி உப்பைக் கொண்டு மூளைத் திசுவுக்குச் சாயமேற்றும் புதிய முறையொன்றைக் கண்டுபிடித்து, அதுவரை யாரும் தெளிவாகப் பார்த்திராத இரண்டு வகைத் துணைச் செல்களை வெளியே கொண்டுவந்தார். அது 1919ஆம் ஆண்டு. அடுத்த ஆண்டே மனக்கசப்பு ஏற்பட்டு அந்த ஆய்வகத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. உள்நாட்டுப் போர் வந்ததும் நாட்டையே விட்டுப் போய், பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு என்று அலைந்து, 1945இல் பியூனஸ் அயர்ஸ் நகரத்தில் காலமானார். நோபல் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிந்தார்கள், கிடைக்கவில்லை. அவர் தேடிப்போன செல்களின் தலையெழுத்து அவருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போலும்.

சரி, இந்தத் துணைச் செல்கள் என்னதான் செய்கின்றன?

முதலில் ஆஸ்ட்ரோசைட். விண்மீன் போலப் பல பக்கமும் கிளை விரித்திருக்கும் செல். ஒரு நரம்பணு மற்றொன்றிடம் பேசும்போது இடையிலுள்ள சிறு இடைவெளியில் ஒரு வேதிப்பொருளைச் சிந்துகிறது. மூளையில் மிக அதிகமாகச் சிந்தப்படுவது குளூட்டமேட். இது அடுத்த நரம்பணுவைத் தட்டி எழுப்பும் பொருள். இது இல்லாமல் நாம் ஒன்றைக் கற்கவும் முடியாது, நினைவில் வைக்கவும் முடியாது. ஆனால் வேலை முடிந்த பிறகும் அது அங்கேயே தேங்கினால், எழுப்பப்பட்ட நரம்பணு ஓய முடியாமல் துடித்துத் துடித்து, கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே புகுந்து, செத்தே போகும். அதிகமாகத் தூண்டப்படுவதாலேயே நரம்பணு சாகும் என்பதை 1969இல் ஜான் ஓல்னி என்ற அமெரிக்க மருத்துவர் எடுத்துக்காட்டினார். பக்கவாதம் வரும்போது மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் நிற்கிறது அல்லவா, அப்போது சுற்றியுள்ள நரம்பணுக்கள் சாவதற்கு இந்தக் குளூட்டமேட் வெள்ளமும் ஒரு முக்கியக் காரணம்.

அந்தச் சாவு நம் தலைக்குள் ஒவ்வொரு நிமிடமும் நடக்காமலிருப்பது ஆஸ்ட்ரோசைட்டால். இடைவெளியில் சிந்திய குளூட்டமேட்டை அது உடனுக்குடன் தனக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதை அப்படியே வைத்துக்கொள்வதும் இல்லை. அதைக் குளூட்டமைன் என்ற தூண்டாத, தீங்கில்லாத பொருளாக மாற்றி, நரம்பணுவிடமே திருப்பிக் கொடுக்கிறது. நரம்பணு அதிலிருந்து மறுபடி குளூட்டமேட் செய்துகொள்கிறது. நம் ஊரில் தேர் இழுக்கும்போது வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லாரும் பார்ப்போம்; சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து நடந்து, தேர் தறிகெட்டு ஓடிவிடாமல் கட்டை போட்டுக்கொண்டு வருகிறவர் முகம் படத்தில்கூட விழாது. இழுப்பவர்கள் எவ்வளவு பலசாலிகளோ அவ்வளவுக்கு அவர் தேவை. மனித மூளையில் ஒரே ஓர் ஆஸ்ட்ரோசைட் 20 லட்சம் வரையிலான நரம்பணுச் சந்திப்புகளைத் தன் கிளைகளால் தொட்டுக்கொண்டிருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

உணவூட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. நம் உடல் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. இவ்வளவு சாப்பிடும் நரம்பணுவிடம் சேமிப்பு என்று ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. மூளையில் உள்ள கொஞ்சநஞ்சச் சேமிப்பும் பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டில்தான் இருக்கிறது. அதன் கிளைகளில் சில, ரத்தக்குழாயின் மேல் பாதம் பதித்திருக்கும். வேறு சில நரம்பணுக்களைத் தொட்டிருக்கும். ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்து, அதை லாக்டேட்டாக மாற்றி நரம்பணுவுக்கு அனுப்புகிறது என்ற கருத்தை 1994இல் பெல்லரின், மாஜிஸ்ட்ரெட்டி என்ற இருவர் முன்வைத்தார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு அனுப்புகிறது என்பதில் அறிவியலாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. முதல் வாசகத்தில் எஸ்ரா திருச்சட்டத்தை வாசித்து முடித்ததும் மக்களுக்குச் சொல்லப்பட்டதை நினைத்துப் பாருங்கள்: போய் நல்ல உணவு உண்ணுங்கள், தங்களுக்கென்று ஒன்றும் ஆயத்தம் செய்யாதவர்களுக்கும் பங்கு அனுப்பிவையுங்கள். விடியற்காலை முதல் நண்பகல் வரை வாசித்த வாசகத்துக்கு அதுதான் முடிவுரை, யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்று பார்ப்பது.

ஓர்தேகா கண்டுபிடித்த இரண்டு வகைகளில் ஒன்று ஒலிகோடென்ட்ரோசைட். நரம்பணுவின் நீண்ட இழைகளைச் சுற்றிச் சுற்றி, மயலின் என்ற கொழுப்பு மிகுந்த உறையைப் போட்டு, துடிப்பு வேகமாக ஓட வழி செய்கிறது. அந்த உறைக்குள் இருக்கும் இழைக்கு உணவும் இதுவே தருகிறது. இன்னொன்று மைக்ரோகிளியா. அதைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மைக்ரோகிளியா மூளையின் காவல் செல். நோய்க்கிருமி வந்தாலும், செல் செத்து விழுந்தாலும் விழுங்கித் துப்புரவு செய்வது அது. நோயில்லாத மூளையில் இது சும்மா ஓய்ந்திருக்கும் என்றே பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. 2005இல் உயிருள்ள சுண்டெலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஓய்வு என்பதே அவற்றுக்கு இல்லை என்று தெரிந்தது. கிளைகளை நீட்டுவதும் மடக்குவதுமாகச் சுற்றுப்புறம் முழுவதையும் அவை தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தன. ஓர் இடத்தில் மிகச் சிறிய காயம் உண்டாக்கியதும், சில நிமிடங்களுக்குள் அக்கம்பக்கத்துக் கிளைகள் எல்லாம் அந்த இடத்தைச் சூழ்ந்துகொண்டன. இன்னொன்றும் தெரியவந்தது. மூளையின் மற்றச் செல்களைப் போல இவை மூளை உருவாகும் திசுவிலேயே பிறந்தவை அல்ல. கருவின் தொடக்க நாட்களில் மஞ்சள்கருப்பையில் தோன்றி, அங்கிருந்து பயணம் செய்து மூளைக்குள் குடியேறியவை. 2010இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. மூளைக்குக் காவலாக நிற்பவை வெளியூரிலிருந்து வந்தவை. யார் வந்தேறி, யார் சொந்தக்காரர் என்று கணக்குப் பார்த்துக் கோயிலில் இடம் ஒதுக்குகிற ஊர்கள் நம் மறைமாவட்டங்களிலும் உண்டு என்பதை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஆனால் காவல் எப்போதுமே காவலாக இருப்பதில்லை. மைக்ரோகிளியா நீண்ட காலம் கொதிப்பில் இருந்தால், அது வெளியிடும் பொருட்கள் பக்கத்து நரம்பணுக்களையே காயப்படுத்துகின்றன. அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் படியும் கழிவைச் சூழ்ந்து நின்று அதைத் தடுக்க முயல்வதும் மைக்ரோகிளியாதான். அதே நோயில் நரம்பணுச் சந்திப்புகளை அளவு மீறி வெட்டித் தள்ளுவதும் அதுதான் என்று சுண்டெலிகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. பாதுகாக்கிறேன் என்ற பெயரில் பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பாத தகப்பனை, விசுவாசத்தைக் காக்கிறேன் என்று அண்டை வீட்டுக்காரரை எதிரியாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பிரசங்கியை நமக்குத் தெரியும். எதற்காகக் காவல் நிற்கிறோம் என்பது மறந்துபோனால், காவல் நிற்கிறவர் கையாலேயே கேடு வரும்.

இன்று ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு. உலகத் தொழுநோய் நாள். மூளையை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்து, கை கால்களுக்கு ஓடும் நரம்புகளைப் பார்க்க இதைவிட நல்ல நாள் இல்லை. அங்கே நரம்பு இழைகளைப் போர்த்திக் காக்கிற துணைச் செல்லுக்கு ஷ்வான் செல் என்று பெயர். தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். அந்தக் கிருமி தேடிப்போய்க் குடியேறுவது இந்த ஷ்வான் செல்லில். துணைச் செல் கெட்டதும் நரம்பு கெடுகிறது, நரம்பு கெட்டதும் உணர்வு போகிறது. முதலில் போவது சூடு, குளிர்ச்சி, வலி ஆகிய உணர்வுகள்.

தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்றுதான் உலகமே நம்பியது. இதை மாற்றிய வேலையில் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டில் நடந்தது. கொல்லிமலையில் ஊழியம் செய்த தம்பதியருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோயாளிகளின் கைகளைப் பொறுமையாகக் கவனித்து அவர் கண்டது இது: விரல்கள் அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அன்றாடம் படும் காயங்களால் சிதைந்துபோயின. சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குவார்கள், தெரியாது. காலில் ஆணி குத்தியிருக்கும், அதோடு நடந்து வருவார்கள், தெரியாது. இரவில் தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் தெரியாது. அதற்காகவே நோயாளிகளோடு பூனைகளை அனுப்பிவைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன விரல்களை மீண்டும் வேலை செய்யவைத்தார். அவருக்கு முன்பே, ஹான்சன் கிருமியைக் கண்ட அதே 1873இல் தொழுநோயாளிகளுக்குப் பணியாற்ற மொலோக்காய் தீவுக்குப் போன புனித தமியான், தமக்கும் நோய் தொற்றிவிட்டதைக் கண்டுகொண்டது எப்படி? கொதிநீர் பட்டும் கால் சுடவில்லை. அவ்வளவுதான் அடையாளம்.

ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் சேர்ந்து துன்புறும் என்ற கருத்தைப் பவுல் இன்று நமக்கு வைக்கிறார். அதைப் பெரும்பாலும் ஓர் அறிவுரையாகத்தான் கேட்கிறோம், பிறர் துன்பத்தில் பங்கெடுங்கள் என்று. எனக்கு அது ஒரு நோயறியும் சோதனை போலவும் படுகிறது. வலி வந்து சேர்ந்தால் உடல் உயிரோடிருக்கிறது. அன்பியத்தில் ஒரு குடும்பம் கடனில் மூழ்கிக்கொண்டிருக்க, அதே தெருவில் நாம் திருவிழாச் சப்பரத்துக்கு விளக்கு அலங்காரம் பேசிக்கொண்டிருந்தால், அங்கே ஏதோ ஓர் இடத்தில் ஷ்வான் செல் செத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். (தொழுநோய்க்கு மருந்து உண்டு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும், ஆரம்பத்திலேயே சாப்பிட்டால் ஊனத்தைத் தடுக்கலாம். உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் யாருக்காவது இருந்தால் மறைக்காதீர்கள். இதைப் பீடத்திலிருந்து சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.)

இனி, இந்த மறையுரையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன்.

மறைவாக உழைப்பவர்களைப் புகழ்வது திருச்சபையில் பழகிப்போன ஒன்று. நானும் செய்திருக்கிறேன். அன்னையர் தினத்தில் தாய்மார்களைப் புகழ்வோம், கோயில்பிள்ளைக்குத் திருவிழாவில் பொன்னாடை போர்த்துவோம், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அருள்சகோதரிகளைப் பற்றிப் பாட்டு எழுதுவோம். 'மறைவில் செய்வதை ஆண்டவர் பார்க்கிறார், கவலைப்படாதே' என்போம். அந்த ஆறுதல் உண்மையானதுதான். ஆனால் அது சில வேளைகளில், நீ அங்கேயே மறைந்து கிட என்று சொல்வதற்கான மரியாதையான வழியாக ஆகிவிடுகிறது. பவுல் அப்படிச் சொல்லவில்லை. மதிப்புக் குறைந்தவை என்று நாம் எண்ணும் உறுப்புகளுக்கே கூடுதல் மதிப்பு கொடுக்கிறோம், கடவுளும் உடலை அப்படித்தான் அமைத்திருக்கிறார் என்கிறார். உடலுக்குள் பிளவு வரக்கூடாது, ஒன்றைப்பற்றி ஒன்று கவலைப்பட வேண்டும் என்பதே காரணம் என்கிறார். காக்கிறவரைக் காப்பது அந்தக் கவலைக்குள்தான் வருகிறது.

2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை எனக்கு வேறு மாதிரி புரியவைத்தது. ஏ.எல்.எஸ். என்றொரு கொடிய நோய் உண்டு. ஸ்டீஃபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்த நோய். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். சாவது நரம்பணு என்பதால் நோயும் நரம்பணுவுக்குள்தான் இருக்கிறது என்று நினைத்தார்கள். கலிஃபோர்னியாவில் டான் கிளீவ்லண்டின் குழுவினர், இந்த நோயை உண்டாக்கும் ஒரு மரபணுக் கோளாறு உள்ள செல்களையும், கோளாறு இல்லாத செல்களையும் கரு நிலையிலேயே கலந்து சுண்டெலிகளை வளர்த்தார்கள். ஒரே உடலில் இரு வகைச் செல்களும் அடுத்தடுத்து இருந்தன. கோளாறுள்ள நரம்பணு, நலமான துணைச் செல்களுக்கு நடுவில் இருந்தபோது, சாக வேண்டிய காலத்தைத் தாண்டிப் பிழைத்துக் கிடந்தது. கோளாறே இல்லாத நரம்பணு, நோயுற்ற துணைச் செல்களுக்கு நடுவில் இருந்தபோது, அதனிடமும் நோயின் அடையாளங்கள் தென்பட்டன.

இதை நான் படித்தபோது என் பங்கு வீடுகள்தான் கண்முன் வந்தன. பக்கவாதத்தில் விழுந்த மாமனாரைப் பல ஆண்டுகளாகத் திருப்பிப் படுக்கவைக்கும் மருமகள். மறதி நோய் வந்த அம்மா இரவு முழுவதும் கதவைத் திறந்து வெளியே போகப் பார்க்கிறார் என்று வாசலிலேயே பாய் போட்டுத் தூங்கும் மகன். ஆட்டிச நிலையுள்ள பிள்ளையோடு எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட தாய். நற்கருணை கொண்டு போகும்போது படுக்கையில் இருப்பவருக்குச் செபிக்கிறேன், நெற்றியில் சிலுவை அடையாளம் வரைகிறேன், அவரிடம் நலம் கேட்கிறேன். பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறவரிடம், 'நீ எப்படிம்மா இருக்கே' என்று கேட்கப் பல வேளைகளில் யாரும் இருப்பதில்லை. மருத்துவரும் கேட்பதில்லை, அவருக்கு நோயாளி வேறு. உறவினர் வந்து போகும்போது, 'நல்லா பாத்துக்கிறே, உனக்குப் புண்ணியம்' என்பார்கள். ஒரு நாள் ராத்திரி நான் இருக்கிறேன், நீ போய்த் தூங்கு என்பவர் அபூர்வம்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். ஆஸ்ட்ரோசைட் நஞ்சை உறிஞ்சுகிறது, அதுபோல நீயும் புருஷன் குடித்துவிட்டு அடிப்பதைப் பொறுத்துக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்று என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது இந்த மறையுரையில் இல்லை. ஆஸ்ட்ரோசைட் நஞ்சைச் சுமந்துகொண்டு சாவதற்காக உறிஞ்சவில்லை. மாற்றி அனுப்புவதற்காக உறிஞ்சுகிறது. அதற்குச் சக்தி வேண்டும், ரத்தம் வேண்டும், பக்கத்துச் செல்களோடு தொடர்பு வேண்டும். ஆஸ்ட்ரோசைட்டுகள் ஒன்றோடொன்று நுண்ணிய வாயில்களால் இணைந்திருக்கின்றன. ஓரிடத்தில் சேரும் சுமையைப் பலவாகப் பகிர்ந்துகொள்கின்றன. சக்தி தீர்ந்தால் உறிஞ்சும் வேலை நின்றுவிடும். நின்றால் நரம்பணுவும் போகும், தானும் போகும். அடிவாங்கும் பெண்ணுக்குத் தேவை பொறுமையைப் பற்றிய பிரசங்கம் இல்லை. அடி விழாத ஒரு வீடும், கூட நிற்க நாலு பேரும் வேண்டும். அதற்காக என் அறைக் கதவைத் தட்டலாம்.

எசாயாவின் ஏட்டில் ஆண்டவர் வாசித்தது என்ன? ஒடுக்கப்பட்டோருக்கு விடுதலை, சிறைப்பட்டோருக்கு விடுதலை, பார்வையற்றோருக்குப் பார்வை. இன்று நிறைவேறிற்று என்று அவர் சொன்னது, கேட்டுக்கொண்டிருந்தவர்களின் காதிலேயே. நாளைக்கென்று தள்ளவில்லை. ஆகவே நானும் இதை ஒரு நல்ல எண்ணமாக மட்டும் உங்களிடம் விட்டுவிட்டுப் போக விரும்பவில்லை. பங்குப் பேரவையிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் பேசியாயிற்று. படுக்கையில் இருக்கும் நோயாளிகள் உள்ள வீடுகளின் பட்டியல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. இந்த வாரம் அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியைச் சேர்க்கப் போகிறோம்: அந்த வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார், அவர் கடைசியாக எப்போது ஞாயிறு திருப்பலிக்கு வந்தார், தனக்கென்று மருத்துவரைப் பார்த்தாரா. அவர் வெளியே போய்வர அரை நாள் அந்த வீட்டில் இருக்கக்கூடியவர்கள் வேண்டும். மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கவும், அவசரமென்றால் போன் செய்யவும் தெரிந்தால் போதும். ஓய்வுபெற்ற செவிலியர் இருவர் எப்படித் தூக்குவது, எப்படித் திருப்புவது என்று அடுத்த சனிக்கிழமை மாலை சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இளைஞர் இயக்கத்தார், உங்களைத்தான் சொல்கிறேன். கொடியேற்றம் முடிந்ததும் நேரே வீட்டுக்கு ஓடாதீர்கள். ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் பெயர்கள் வேண்டும். கோயில் வாசலில் மேசை போட்டிருக்கிறது, நோட்டு இருக்கிறது.

பார்த்துக்கொள்கிறவர்களே, இன்று யாரையாவது வீட்டில் வைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கிறீர்கள் என்றால், அந்த நோட்டில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். உதவி கேட்பவர் பக்கம் தனியாக இருக்கிறது. அதை யாரும் சத்தமாக வாசிக்கமாட்டார்கள்.

எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.